சர்வர் அணைந்துவிட்டது, பகிர்வு கழல மறுக்கிறது: என்ன செய்யலாம்?

மார்த்தாண்டத்தில் பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கித் தரும் ஒரு சிறு நிறுவனம். அங்கே கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அலுவலகத்தில் இருப்பவை உபுண்டு கணினிகள். கோப்புகள் எல்லாம் குழித்துறையில் இன்னொரு கட்டடத்தில் உள்ள சர்வரில் இருக்கின்றன. ஃபைபர் வழியாக என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) பகிர்வாக, ‘/பகிர்வு/பத்திரங்கள்’ என்ற இடத்தில் மவுண்ட் செய்திருக்கிறார்கள், அதாவது உள்ளூர்க் கோப்புறைபோல இணைத்திருக்கிறார்கள். மழையில் அங்கே மின்சாரம் போனால் இங்கே எல்லாம் உறைந்துவிடுகிறது. அந்த இணைப்பைக் கழற்றும் யுமவுண்ட் கட்டளையைக் கொடுத்தால் சில சமயம் ‘டார்கெட் இஸ் பிஸி’ என்று மறுக்கிறது. சில சமயம் பதிலே வராமல் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கிறது. நிரலைக் கொல்லும் கில் கட்டளையைக் கொடுத்தாலும் நிரல் சாவதில்லை. கடைசியில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் மீட்கிறாராம். ‘யுமவுண்டோடு -எல் சேர்த்தால் போதும் என்கிறார்களே, அது சரியா அண்ணன்?’ என்பது அவருடைய கேள்வி.

தம்பி, -எல் சேர்த்தால் பிரச்சினை கண்ணிலிருந்து மறையும், தீராது. உங்களிடம் இருப்பது ஒரு சிக்கல் அல்ல, ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்த இரண்டு. சர்வர் பதில் சொல்லவில்லை என்பது ஒன்று. பகிர்வை உங்கள் கணினியிலேயே யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது மற்றொன்று. சர்வர் நன்றாக ஓடும்போதும் ‘பிஸி’ வரும். ஒருவருமே பிடிக்காத பகிர்வும் சர்வர் போனால் தொங்கும். முதலாவதற்கு யுமவுண்டின் -எஃப் ஆப்ஷன், இரண்டாவதற்கு கில். இரண்டையும் குழப்பிக்கொண்டு கையில் கிடைத்த கட்டளையை எல்லாம் அடிப்பதால்தான் பவர் பட்டன் வரை போக நேர்கிறது.

இங்கே கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன். தட்டச்சு செய்யும்போது வழக்கமான ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

இப்படி உறைவது கோளாறு அல்ல, திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் என்எஃப்எஸ்ஸை உருவாக்கியபோது, சர்வர் விழுந்து எழுந்தாலும் கிளையன்ட் (பகிர்வைப் பயன்படுத்தும் கணினி) பக்கத்தில் ஓடும் நிரலுக்கு அது தெரியவே கூடாது என்று நினைத்தார்கள். சர்வர் செத்துவிட்டதா, தாமதிக்கிறதா என்று கிளையன்ட் ஆராய்வதில்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கும். கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பதிவில் ‘நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங்’ என்று ஒரு வரி வருவதைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். 1995இல் மூன்றாம் பதிப்பும் 2000இல் நான்காம் பதிப்பும் வந்து உள்ளே பல மாறின. ஆனால் லினக்ஸில் ‘ஹார்ட்’ மவுண்ட்தான் இன்றும் இயல்புநிலை. ஹார்ட் என்றால் காலவரையறையே இல்லாமல் காத்திருக்கும். சர்வர் திரும்பி வந்ததும் எழுத வேண்டியதை எழுதிவிட்டு, நிரல் ஒன்றும் நடக்காததுபோல் தொடரும்.

எனவே முதலில் முடிவு செய்ய வேண்டியது, கழற்றத்தான் வேண்டுமா என்பது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். இடவப்பாதியில் (தென்மேற்குப் பருவமழையில்) ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்து மின்சாரம் போனால் அரை மணி நேரத்திலோ மாலைக்குள்ளோ வந்துவிடும். அப்போது ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் சிறந்த வைத்தியம். ஓசிஆர் நிரல் (ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுப்பது) நூறு பக்கத்தை முடித்துவிட்டு நூற்றியோராவது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால், சர்வர் வந்ததும் அங்கிருந்தே போகும். நீங்கள் பொறுமையிழந்து கழற்றினால் அந்தப் பக்கமும், இன்னும் சர்வருக்குப் போய்ச் சேராமல் நினைவகத்தில் காத்திருக்கும் பழைய பக்கங்களும் போய்விடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது நிலைமை வேறு: ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் காத்திருப்பதில் பொருள் இல்லை. குழித்துறைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கட்டளையில் கை வைக்க வேண்டும்.

போனில் ‘கரண்ட் வந்துவிட்டதே, சர்வர் ஓடுகிறதே’ என்று பதில் வரலாம். இங்கே மட்டும் இன்னும் உறைந்தே இருக்கும். இதை நான் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் ஐபி முகவரி. ரவுட்டர் தானாக முகவரி வழங்கும்படி விட்டிருப்பார்கள். மின்சாரம் போய் வந்ததும் சர்வருக்குப் புதிய எண் கிடைத்திருக்கும். உங்கள் கணினியோ பழைய எண்ணைத் தட்டிக்கொண்டே இருக்கும். யாரும் இல்லாத வீட்டுக்கதவு என்று அதற்குத் தெரியாது. சர்வருக்குப் பழைய எண்ணையே திரும்பக் கொடுத்தால் போதும். யுமவுண்டே தேவைப்படாது, எல்லாம் உயிர்பெற்றுவிடும். பிங் பதில் சொல்கிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். கணினி எழுந்திருக்கும், என்எஃப்எஸ் சேவை எழுந்திருக்காது. 2049ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்:

என்சி -இசட் -டபிள்யூ 3 (சர்வரின் ஐபி) 2049

அந்த 3 என்பது மூன்று நொடிக்குமேல் காத்திருக்காதே என்று சொல்வது. போர்ட் திறந்தும் உடனே வேலை நகரவில்லை என்றால் பதறாதீர்கள். நான்காம் பதிப்பில், சர்வர் மறுபடி எழுந்ததும் பழைய பூட்டுகளைக் கிளையன்ட்கள் மீட்டுக்கொள்வதற்கென்று ஓர் அவகாசம் தருகிறது. லினக்ஸ் சர்வரில் அது வழக்கமாக 90 நொடி.

சரி, சர்வர் வரப்போவதில்லை, கழற்றியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் விதி, அந்தப் பாதையைத் தொடாதீர்கள். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடிக்கக் கூடாது, டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் அடிக்கக் கூடாது, கோப்புறை மேலாளரைத் திறக்கக் கூடாது. பாதையைப் பாதி அடித்துவிட்டு டேப் விசையை அழுத்துவதும் கூடாது. மீதியைத் தேட அது சர்வரிடம் போகும், அந்த டெர்மினலும் மாட்டிக்கொள்ளும். டிஎஃப் கட்டாயம் வேண்டுமென்றால் -எல் சேர்த்து அடியுங்கள், உள்ளூர் டிஸ்குகளை மட்டும் காட்டும். புதிய டெர்மினல் ஒன்றைத் திறந்து, ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள நிர்வாகிப் பயனராக) மாறி, சிடி / கொடுத்து மூலக் கோப்புறைக்குப் போய்விடுங்கள். மவுஸே நகரவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத்திரை கிடைக்கும். பயனரின் ஹோம் கோப்புறையே அந்தப் பகிர்வில் இருந்தால் அந்தப் பயனராக உள்ளே நுழையவும் முடியாது. அதனால்தான் ரூட்டின் ஹோமை ஒருபோதும் பகிர்வில் வைப்பதில்லை.

எது எங்கே மவுண்ட் ஆகியிருக்கிறது என்று பார்க்கப் பாதுகாப்பான வழி:

கேட் /ப்ராக்/மவுண்ட்ஸ்

இது கர்னல் தன் நினைவிலிருந்து சொல்லும் பட்டியல். சர்வரைக் கேட்காது, எனவே உறையாது. பகிர்வின் பாதையை அதில் இருப்பதுபோலவே எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளே வேறொரு மவுண்ட் இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்க்கலாம். உள்ளே ஒன்று தொங்கிக்கொண்டிருந்தால் வெளியே உள்ளது எப்படியும் ‘பிஸி’ என்றுதான் சொல்லும். உள்ளே இருப்பதை முதலில் கழற்ற வேண்டும்.

அடுத்து, பிடித்துக்கொண்டிருப்பது யார்? எல்லாரும் சொல்லித் தருவது பியூசர், எல்எஸ்ஓஎஃப் என்ற இரண்டு கருவிகளை. சர்வர் உயிரோடு இருக்கும்போது அவை அருமையானவை. சர்வர் இல்லாதபோது அவையே போய் அந்தப் பாதையை விசாரித்து, விசாரித்த இடத்திலேயே உறைந்துபோகும். தேடப் போனவரையும் சேர்த்துத் தேட வேண்டியதாகிவிடும். எல்எஸ்ஓஎஃப்புக்கு -பி என்ற ஆப்ஷன் உண்டு. தடைபடக்கூடிய கர்னல் அழைப்புகளைத் தவிர்த்துவிடும், பதிலுக்குச் சில விவரங்களைக் காட்டாது. நான் அதையும் நாடுவதில்லை. ஒவ்வொரு புராசஸும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எந்தக் கோப்புறையில் நிற்கிறது, எந்தக் கோப்புகளைத் திறந்து வைத்திருக்கிறது என்பதெல்லாம் /ப்ராக் கோப்புறையில் இணைப்புகளாக இருக்கின்றன. அந்த இணைப்பைப் படிப்பதற்குச் சர்வர் தேவையில்லை. அது சுட்டும் இடத்துக்குப் போனால்தான் சர்வர் தேவை. எனவே ரீட்லிங்க் கட்டளையால் /ப்ராக்/(புராசஸின் எண்)/சிடபிள்யூடி, /ப்ராக்/(எண்)/எஃப்டி இரண்டின்கீழ் உள்ளவற்றையும் படித்து, ‘பத்திரங்கள்’ என்று வரும் வரிகளை மட்டும் கிரெப்பால் பிரித்தெடுங்கள். எல்எஸ் -எல் கொண்டு அதைச் செய்யாதீர்கள். வண்ணம் காட்டும்படி அமைத்திருந்தால், இணைப்பு எங்கே போகிறது என்று அது எட்டிப் பார்க்கக்கூடும்.

இன்னொரு பார்வை, ஓடும் புராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை. ஆனால் பலர் அடிக்கும் ‘பிஎஸ் ஆக்ஸ்’ வடிவம் வேண்டாம். அது ஒவ்வொரு புராசஸின் முழுக் கட்டளைவரியையும் அதன் நினைவகத்திலிருந்து படிக்கப் பார்க்கும். மாட்டிக்கொண்ட புராசஸ் தன் நினைவகப் பூட்டைப் பிடித்தபடி நின்றால் பிஎஸ்ஸும் அங்கே நின்றுவிடும். எண், நிலை, எங்கே காத்திருக்கிறது, சுருக்கப் பெயர் ஆகியவற்றை மட்டும் கேளுங்கள்:

பிஎஸ் -இஓ பிஐடி,ஸ்டாட்,டபிள்யூசான்,காம்

நிலை என்ற பத்தியில் ‘டி’ என்று தெரிபவை சர்வரின் பதிலுக்காகக் காத்துக்கிடப்பவை. சிபியு சும்மாதான் இருக்கும், லோட் ஆவரேஜ் மட்டும் மளமளவென்று ஏறும்; லினக்ஸ் அந்தக் கணக்கில் ‘டி’ நிலையில் கிடப்பவற்றையும் சேர்ப்பதால் வரும் வேடிக்கை இது. ஆனால் ‘டி’யில் இல்லாதவர்களும் குற்றவாளிகளாக இருக்கலாம். யாரோ ஒருவர் காலையில் டெர்மினலைத் திறந்து அந்தக் கோப்புறைக்குள் போய்விட்டு, அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். அந்த ஷெல் ஒன்றையும் படிக்கவில்லை, எழுதவில்லை. இருந்தாலும் அதற்குள் நிற்கிறது, ஆகவே ‘பிஸி’. அதைத்தான் சிடபிள்யூடி இணைப்பு காட்டிக்கொடுக்கும். டாக்கர் போன்ற கன்டெய்னர்கள் (நிரல்களைத் தனித்து அடைத்து ஓட்டும் ஏற்பாடு) ஓடினால் அவற்றுக்குத் தனி மவுண்ட் பட்டியல் உண்டு. இங்கே கழற்றினாலும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லா புராசஸ்களின் மவுண்ட்இன்ஃபோ கோப்பிலும் பகிர்வின் பெயரை கிரெப் செய்து பார்த்தால் அதுவும் அகப்படும்.

பிடித்தவர்களை விரட்டுவது அடுத்தது. வெறும் கில் போதாது. அது அனுப்பும் மென்மையான சிக்னலை, காத்துக்கிடக்கும் புராசஸ் காதில் வாங்காது. கில் -9 வேண்டும். பழைய புத்தகங்களில் ‘-9 போட்டாலும் டி நிலைப் புராசஸ் சாகாது’ என்று படித்திருப்பீர்கள். அது ஒரு காலத்து உண்மை. ‘இன்ட்ர்’ என்ற மவுண்ட் ஆப்ஷனைச் சேருங்கள் என்று அதற்கு மாற்றும் சொல்லியிருப்பார்கள். 2008இல் வந்த 2.6.25 கர்னலில் இந்தக் கதை மாறியது. கொல்லும் சிக்னலுக்கு மட்டும் விழித்துக்கொள்ளும் ஒருவகை உறக்கத்தைக் கொண்டுவந்தார்கள். என்எஃப்எஸ் காத்திருப்புகளில் பெரும்பாலானவை அந்த வகைக்கு மாறின. இன்ட்ர் ஆப்ஷனை அதன்பின் கர்னல் கண்டுகொள்வதே இல்லை, இருந்தும் இணையத்தில் அதைப் பரிந்துரைப்பது நின்றபாடில்லை. கில் -9க்கும் அசையாதவை இன்றும் சில உண்டு, முக்கியமாக நினைவகத்தில் தேங்கிய எழுத்தைச் சர்வருக்குத் தள்ளும் வேலையின் நடுவே நிற்பவை. அவற்றுக்கு அடுத்த படி.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘பியூசர் -கேஎம்’ என்று கொடுத்தால் அந்த மவுண்டைப் பயன்படுத்தும் எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பகிர்வு ஏற்கெனவே கழன்றிருந்தால், அந்தப் பாதை வெறும் உள்ளூர்க் கோப்புறை; அது இருப்பதோ மூல டிஸ்கில். மூல டிஸ்கைப் பயன்படுத்தும் எல்லாவற்றையும் கொல் என்று சொன்னதாகிவிடும், கணினியே கையில் நிற்காது. பெரிய எழுத்து -எம் என்ற ஆப்ஷனையும் சேர்த்தால், அது உண்மையிலேயே மவுண்ட் இடமாக இருந்தால் மட்டும் வேலை செய்யும். அந்த ஆப்ஷன் இல்லாமல் அந்தக் கட்டளையை யாரும் அடிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இப்போதுதான் யுமவுண்டின் முறை:

யுமவுண்ட் -எஃப் /பகிர்வு/பத்திரங்கள்

-எஃப் செய்வது என்னவென்றால், சர்வருக்குப் போய்ப் பதிலுக்காகக் காத்திருக்கும் கோரிக்கைகளை எல்லாம் ரத்து செய்து, கேட்ட நிரல்களுக்கு ‘உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை’ என்று பதில் கொடுத்துவிடுவது. அந்தப் பதில் கிடைத்ததும் சிக்கிய புராசஸ் எழும். நீங்கள் ஏற்கெனவே அனுப்பிய -9 அங்கே காத்திருப்பதால் எழுந்தவுடன் சாகும். முதல் தடவை ‘பிஸி’ என்றே வந்தாலும் மறுபடி அடியுங்கள். ரத்து செய்த கையோடு இன்னொரு கோரிக்கை கிளம்பியிருக்கும். இரண்டாவது அல்லது மூன்றாவது அடியில் பெரும்பாலும் கழன்றுவிடும். இதனால்தான் கில்லை முன்னால் வைத்தேன். பிடித்திருப்பவர்களை விட்டுவிட்டு வெறும் -எஃப் மட்டும் கொடுத்தால், ரத்தான இடத்திலிருந்து அவர்கள் புதிய கோரிக்கையை எழுப்பிக்கொண்டே இருப்பார்கள். பாதையை முழுதாக, மூலத்திலிருந்து எழுதுங்கள். குறுக்குவழி இணைப்பு எதையும் கொடுக்காதீர்கள். இணைப்பு எங்கே போகிறது என்று தேட யுமவுண்ட் கிளம்பினால் அதுவும் சர்வர் வாசலில் நிற்கும். யுமவுண்டின் கையேட்டிலேயே இதை எச்சரித்திருக்கிறார்கள். -எஃப் கொடுத்தாலும் உறையாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்றும் அதில் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் கழலவில்லையா? அப்போது -எல். இதைச் ‘சோம்பேறி’ யுமவுண்ட் என்பார்கள். இது செய்வது கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றும் வேலை; உள்ளே இருக்கும் ஆட்கள் அப்படியேதான் இருப்பார்கள். பாதை மறையும், இனிமேல் எல்எஸ் உறையாது, டிஎஃப் உறையாது, புதிதாக யாரும் உள்ளே போக முடியாது. அந்த அளவில் அலுவலகத்தின் மற்ற வேலைகள் நடக்கும், அது சிறு உதவி அல்ல. ஆனால் ஏற்கெனவே மாட்டிக்கொண்ட புராசஸ்கள் அப்படியே மாட்டிக்கொண்டிருக்கும். கர்னலுக்குள் அந்த மவுண்ட் உயிரோடு இருக்கும், கடைசிப் பிடி விடும்வரை. பாதை போய்விட்டதால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று தேடுவதும் கடினமாகிவிடும். ஆகவே தேடலை முடிக்கும்முன் -எல் கொடுக்காதீர்கள். -எஃப்பையும் இனிமேல் கொடுக்க வழியில்லை, எந்தப் பாதைக்கு என்று கொடுப்பது?

-எல் கொடுத்தபின் இரண்டு ஏமாற்றங்கள் காத்திருக்கின்றன. அதே சர்வரின் அதே பகிர்வை வேறொரு இடத்தில் மறுபடி மவுண்ட் செய்து பார்ப்பீர்கள். லினக்ஸ், ஒரே சர்வரின் ஒரே பகிர்வுக்கு உள்ளே ஒரே கட்டமைப்பைப் பகிர்ந்துகொள்ளப் பார்க்கும். பெயர்ப்பலகை போன அந்தப் பழைய மவுண்டிலேயே புதியதும் போய் ஒட்டிக்கொள்ளும், பழைய முடக்கம் புதியதிலும் தெரியும். ‘நோஷேர்கேச்’ என்ற மவுண்ட் ஆப்ஷன் இதற்காக இருக்கிறது. அவசரத்துக்குப் போடலாம், நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவது ஏமாற்றம் இன்னும் மோசம். பகிர்வு போனபின் அந்த இடத்தில் இருப்பது வெறும் உள்ளூர்க் கோப்புறை. உங்கள் ஸ்கேன் நிரல் அதை அறியாமல் அங்கேயே எழுதிக்கொண்டிருக்கும். உள்ளூர் டிஸ்க் நிரம்பும். பின்னால் பகிர்வை அதன்மேல் மவுண்ட் செய்ததும் அந்தக் கோப்புகள் அடியில் மறைந்துபோகும், ‘நேற்று ஸ்கேன் செய்ததைக் காணவில்லை’ என்று தேடுவீர்கள். பகிர்வு இல்லாத நேரத்தில் அந்த வெற்றுக் கோப்புறைக்குச் சாட்டர் +ஐ கொடுத்துவிட்டால் ரூட்டால்கூட அதில் எழுத முடியாது. மேலே மவுண்ட் செய்வதற்கு அது தடையாகவும் இராது. எல்லாக் கணினியிலும் இன்றே செய்துவைக்கலாம்.

சர்வரின் ஐபி எண்ணையே தற்காலிகமாக உங்கள் கணினிக்குக் கொடுக்கும் ஒரு தந்திரமும் புழக்கத்தில் உண்டு. பதிலே இல்லாத மௌனத்துக்குப் பதிலாக ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்ற உடனடி மறுப்பு கிடைக்கும் என்பது அதன் தர்க்கம். மௌனத்தில் நின்ற யுமவுண்ட் அதனால் சில வேளை நகரும். எனக்கு அதில் பெரிய விருப்பம் இல்லை. அந்த எண்ணை உள்சுற்று இடைமுகமான ‘லோ’வில் கொடுத்தாலும், ‘இந்த எண் யாருடையது’ என்று நெட்வொர்க்கில் யாராவது கேட்டால் லினக்ஸ் இயல்பாகவே ‘என்னுடையது’ என்று பதில் சொல்லிவிடும். உண்மைச் சர்வர் எழும் நேரத்தில் மற்ற கணினிகள் உங்களைச் சர்வராக நினைத்து வந்து முட்டும். செய்தால், வேலை முடிந்த நொடியே அந்த எண்ணை நீக்கிவிட வேண்டும்.

எதுவும் பலிக்காமல் ரீஸ்டார்ட்தான் என்று வந்தால், அதிலும் பவர் பட்டனைவிட நல்ல வழி இருக்கிறது. சாதாரணமாக அணைக்கப் பார்த்தால், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அந்தப் பகிர்வைக் கழற்ற முயன்று ‘ஸ்டாப் ஜாப்’ என்று 90 நொடி எண்ணிக்கொண்டிருக்கும், பிறகும் அணையாமல் போகலாம். நினைவகத்தில் காத்திருப்பதை டிஸ்கில் எழுதும் சிங்க் கட்டளையை வெறுமனே கொடுத்தால் அது பகிர்வுக்கும் எழுதப் போய் உறையும். உள்ளூர் டிஸ்கை மட்டும் எழுதி முடிக்க ‘சிங்க் -எஃப் /’ கொடுங்கள். /ஹோம் தனிப் பகுதியாக இருந்தால் அதற்கும் ஒரு தடவை. பிறகு எக்கோ மூலம் ‘பி’ என்ற எழுத்தை /ப்ராக்/சிஸ்ஆர்க்யூ-ட்ரிகர் கோப்புக்கு அனுப்பினால் எதையும் கழற்றாமல், யாரையும் கேட்காமல் உடனே ரீஸ்டார்ட் ஆகும். உள்ளூர்க் கோப்புகள் ஏற்கெனவே டிஸ்கில் ஏறிவிட்டதால் இழப்பது பகிர்வுக்குப் போக வேண்டியதை மட்டும்.

என்எஃப்எஸ் இல்லாமல் விண்டோஸ் பகிர்வையோ நாஸ் பெட்டியின் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) எஸ்எம்பி என்ற விண்டோஸ் வகைப் பகிர்வையோ மவுண்ட் செய்திருப்பவர்களுக்கு இவ்வளவு துயரம் இல்லை. அவற்றை மவுண்ட் செய்யும் லினக்ஸின் சிஐஎஃப்எஸ் கிளையன்ட் இயல்பாகவே ‘சாஃப்ட்’, அதாவது காலவரையறையோடுதான் காத்திருக்கும். சில நிமிடங்களில் ‘ஹோஸ்ட் இஸ் டவுன்’ என்று கைவிட்டுவிடும், பிறகு யுமவுண்ட் -எஃப் போதும். எஸ்எஸ்ஹெச் வழியாக மவுண்ட் செய்யும் எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் என்றால் பியூசர்மவுண்ட் -யூஇசட் (மேலே சொன்ன பியூசர் வேறு, இது வேறு). விண்டோஸ் கணினியிலேயே இசட் டிரைவ் தொங்கினால், நெட் யூஸ் இசட்: /டெலீட் /ஒய்.

அடுத்த மழைக்குள் செய்துவைக்க வேண்டியவை. ‘சாஃப்ட் போட்டுவிடு, உறையவே உறையாது’ என்று உங்களிடம் நிச்சயம் யாராவது சொல்வார்கள். படிக்க மட்டும் பயன்படும் பகிர்வு என்றால் போடுங்கள். எழுதும் பகிர்வுக்குப் போடாதீர்கள். சாஃப்ட் என்றால் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் நிரலுக்குப் பிழை கொடுத்துவிடும். அந்தப் பிழையைச் சரியாகக் கவனிக்கும் நிரல்கள் குறைவு. கவனிக்காதது ‘சேமித்துவிட்டேன்’ என்று சொல்லிவிட்டு நகரும், கோப்பிலே ஓட்டை இருக்கும். திருவிதாங்கூர்க் காலத்து மலையாளப் பத்திரத்தில் நடுப்பக்கம் ஒன்று வெறுமையாக இருப்பதை வழக்கு நடக்கும் நாளில்தான் யாராவது கண்டுபிடிப்பார்கள். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லும் டைமியோ ஆப்ஷனைப் போடும்போது கவனியுங்கள், அதன் அலகு நொடி அல்ல, நொடியில் பத்தில் ஒரு பங்கு. டிசிபியில் இயல்பான 600 என்பது 60 நொடி. ஒரு நிமிடம் என்று நினைத்து 60 போடுபவர்கள் ஆறு நொடி போடுகிறார்கள்.

எழுதும் வேலைக்கு என் யோசனை: ஸ்கேனரும் ஓசிஆரும் உள்ளூர் டிஸ்கிலேயே எழுதட்டும், முடிந்த கோப்பை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் பகிர்வுக்கு அனுப்புங்கள். சர்வர் போனால் அனுப்புவது மட்டும் நிற்கும், வேலை நிற்காது. எஃப்எஸ்டேப் கோப்பில் (எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) அந்தப் பகிர்வின் வரியில் _நெட்டெவ், நோஃபெயில், எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் மூன்றையும் சேருங்கள். தொட்டால்தான் மவுண்ட் ஆகும், எக்ஸ்-சிஸ்டம்டி.ஐடில்-டைம்அவுட் என்று ஒரு நேரமும் கொடுத்தால், யாரும் தொடாதபோது தானே கழன்றுகொள்ளும். மின்சாரம் போகும் வேளையில் அது மவுண்ட் ஆகாமலே இருந்திருக்கலாம், சிக்கலே வராது. சர்வருக்கு நிலையான ஐபி கொடுங்கள். யுபிஎஸ் வைத்திருக்கிறோம் என்று சொல்வீர்கள், சர்வருக்குத்தானே வைத்திருக்கிறீர்கள்? ஃபைபரின் இரு முனைகளிலும் உள்ள மீடியா கன்வர்ட்டரும் ஸ்விட்சும் சுவரில் உள்ள சாதாரண பிளக்கில் செருகியிருந்தால், சர்வர் யுபிஎஸ்ஸில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும், உங்களுக்குத்தான் அது செத்துப்போயிருக்கும். அவற்றுக்கு ஆகும் மின்சாரம் மிகக் குறைவு. அதே யுபிஎஸ்ஸில் செருகுங்கள்.

இந்தத் தடவை பவர் பட்டனால் மீட்டீர்கள் அல்லவா, அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்புகளை இன்று சோதித்துவிடுங்கள். ஃபைண்ட் கட்டளையில் -சைஸ் 0 கொடுத்தால் வெற்றுக் கோப்புகள் வரும். அளவு இருந்தும் உடைந்தவை உண்டு: முழுமையான பிடிஎஃப் ஒன்றின் கடைசியில் இரண்டு சதவீதக் குறிகளும் ‘இஓஎஃப்’ என்ற மூன்று எழுத்துகளும் இருக்கும், டெயில் கொண்டு அதைப் பார்க்கலாம். நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் அதில் தெரியாது. க்யூபிடிஎஃப் நிரலின் செக் ஆப்ஷனைக் கொண்டு அந்த நாளின் கோப்புறை முழுவதையும் ஓட்டுங்கள். தேறாதவற்றின் பட்டியலை வைத்துக்கொண்டு, மூலப் பத்திரங்கள் வாடிக்கையாளர் கைக்குத் திரும்பும்முன் அவற்றை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்துவிடுங்கள்.